நீலம் பாய்ந்த உளி

மூன்று சாணை மெஷின்களையும் மேஜைமேல் வரிசையாக எடுத்து வைத்து, "நிதானமாப் பாருங்க சார், அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு மேனகா என்கிற அந்தக் கடைக்காரப் பெண் கம்ப்யூட்டர் பக்கம் போய் முக்கால் மணி நேரம் ஆகிறது, நானும் நிதானமாகத்தான் பார்க்கிறேன், இதைவிட நிதானமாகப் பார்த்தால் என்மேலும் விலைச் சீட்டு ஒட்டிவிடுவார்கள். முதலாவது ஆறு இஞ்ச், சாம்பல் நிறக் கல், நிமிடத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் சுற்று, எங்கள் பட்டறையில் இருப்பதற்குத் தம்பி போல அதே மூஞ்சி. இரண்டாவது எட்டு இஞ்ச், வெள்ளைக் கல், பாதி வேகம், அதனால் உளி சீக்கிரம் சூடாகாது. மூன்றாவது ஒரு தினுசு. அடியில் தண்ணீர்த் தொட்டி, அதில் பாதி முங்கிக்கொண்டு பெரிய கல் ஒன்று மாவாட்டுகிற வேகத்தில் சுற்றும், மேலே ஒரு கம்பி, கம்பியில் ஓடுகிற கவ்வி, உளியை அந்தக் கவ்வியில் முடுக்கிவிட்டு இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தால் போதும். "இதுல கைக்கு வேலையே இல்லீங்க சார்" என்று மேனகா அதைத் தட்டிக் காட்டினபோது நான் ஏன் அவ்வளவு வேகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என் பட்டறைக் கூட்டாளி சவரிமுத்து அண்ணன் என்னை அனுப்பியது இரண்டாவதை வாங்க. அவர் இந்நேரம் கண் ஆஸ்பத்திரியில் டோக்கனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பதினொன்றரைக்கு மேல் கூப்பிடுவார்கள் என்றார், இப்போது பதினொன்று ஐந்து. "இதைக் கட்டிக் கொடுங்கம்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஆனால் சொல் வாய்வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. இரண்டாவது மெஷின் அவருடைய கண்ணுக்காக வாங்குவது, அவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, அது எனக்குத் தெரியும்.

கணபதிப் பகுதியில் இருக்கிற பட்டறையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடத்த ஆரம்பித்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இரும்பு வார்க்கிற பவுண்டரிகளுக்கு மர பேட்டர்ன் செய்து கொடுக்கிற வேலை. இரும்பில் பம்பு வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதே பம்பைத் தேக்கில் செய்து மணலில் பதித்தெடுக்க வேண்டும், அந்த மர பம்பைச் செய்கிறவர்கள் நாங்கள். மரத்தில் ஒரு முடி அளவு பிசிறு இருந்தால் இரும்பிலும் அந்தப் பிசிறு வரும், ஆயிரம் பம்பிலும் வரும், அதனால் எங்களுக்கு உளியின் கூர் என்பது சோறு. கூர் என்பது கல்லில் இருக்கிறது, கல்லில் அழுத்துகிற கையில் இருக்கிறது, பார்க்கிற கண்ணில் இருக்கிறது. உளியை ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் நுனி முதலில் வைக்கோல் நிறமாகும், அப்புறம் பழுப்பு, அப்புறம் நீலம், நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது, எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது, நீலம் மொத்தமும் போகிறவரை தேய்த்துத் தள்ள வேண்டும். தை மாசத்தில் அண்ணனுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். முதல் நாள் பட்டறைக்கு வந்ததும் தன் வேட்டியைத் தானே குனிந்து பார்த்து, "ஏப்பா வெள்ளிங்கிரி, பிலோமினா இதுக்கு எத்தன பாட்டல் சொட்டு நீலம் ஊத்துனா?" என்றார், பிலோமினா அவர் மனைவி. புரை எடுத்தால் அப்படித்தானாம், மஞ்சள் கண்ணாடி போட்டிருந்தவன் அதைக் கழற்றின மாதிரி, கொஞ்ச நாளைக்கு எல்லாமே நீலம் தூக்கலாகத் தெரியுமாம். டியூப் லைட் நீலம், சுண்ணாம்புச் சுவர் நீலம், என் நரைமுடிகூட நீலம். இரண்டு வாரம் அதையே சொல்லிச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார், நானும்தான் சிரித்தேன், அந்த நீலத்தை ஒரு நாள் நான் அவர்மேலேயே தூக்கிப் போடுவேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

யாரோ உள்ளே டிரில்லிங் மெஷின் ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார்கள், சத்தம் பல்லில் வந்து உட்காருகிறது, கடை முழுக்க எண்ணெய்த்தாள் வாசனை. என் வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்கிறது. பாக்கெட்டுக்குள்ளும் அது சும்மா இல்லை, சாவிக்கொத்து லேசாகச் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது, மற்றவர்களுக்குக் கேட்காது, எனக்கு வேறு எதுவுமே கேட்பதில்லை. சித்திரையில் ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளர். டம்ளரைப் பாதி நிரப்பித் தரச் சொன்னேன், சர்க்கரை வருமோ என்று பயம் என்றேன், மேகலாவும் நம்பி வரக்காப்பி போட ஆரம்பித்துவிட்டாள், ஐம்பத்தேழு வயசில் மனைவியிடம் பொய் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது கசப்புக் காப்பி. அப்புறம் சட்டைப் பொத்தான். அப்புறம் பென்சில் கோடு, மரத்தில் நான் போடுகிற கோடு கோடாக இல்லாமல் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. செல்போன் வீடியோ ஒன்றில் ஒரு டாக்டர் அதைப் பற்றிப் பேசினார், அந்த வியாதியின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன், பெயர் தெரியாதவரை அது வெறும் நடுக்கம், தெரிந்துவிட்டால் வியாதி, இது என் சாமர்த்தியம். உளியைக் கல்லுக்குக் கொண்டுபோகும்போது நுனி துள்ளும், துள்ளினால் கல்லுக்கு முன்னால் இருக்கிற இரும்புத் தாங்கியில் டக் டக் என்று அடிக்கும், அந்தச் சத்தம் அடுத்த மேஜையில் இருக்கிற அண்ணனுக்குக் கேட்கும். கேட்கக்கூடாதென்றால் என்ன செய்ய வேண்டும், அழுத்த வேண்டும். அழுத்தினால் கை நிற்கும். கை நின்றால் உளி சூடாகும். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், இரண்டு மாசத்தில் ஆறு உளிகளின் பதத்தை எடுத்தவன் நான்தான், ஒவ்வொன்றையும் தண்ணீரில் முக்கி எடுத்துப் பார்த்து, நுனியில் அந்த நீலக் கீற்றைக் கண்டதும் துணியால் துடைத்து, துடைத்தால் போகிற கறையா அது, மாட்டுகிற பலகையில் முகம் உள்பக்கம் திரும்பியிருக்கும்படி மாட்டிவிட்டு நகர்ந்தேன்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை அண்ணன் அந்தக் குழிவான பெரிய உளியை எடுத்தார், மூலை வளைவு குடைகிற உளி, நுனியை ஜன்னல் பக்கம் காட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்கப்போகிறார், கேட்டால் சொல்லிவிடுவது என்று அந்த ஒரு நொடியில் முடிவு எடுத்தேன், சத்தியமாக எடுத்தேன். அவர் கேட்கவில்லை. "சனிக்கெழம நாந்தான் இதச் சாணை புடிச்சனாட்டம் இருக்குது" என்றார். சனிக்கிழமை காலையில் அவர் பிடித்தது வாஸ்தவம், சாயங்காலம் அவர் போனபிறகு நான் மறுபடி பிடித்ததும் வாஸ்தவம். "எனக்குத்தான் இன்னும் எல்லாமே நீலமாத் தெரியுதே, இது நெச நீலம்னு கண்டுக்காம வுட்டுட்டனாட்டம் இருக்குது, ஏப்பா?" என்று என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "இருக்கும்ணா." அவ்வளவுதான் சொன்னேன். இருக்கும். அதற்கு முன்னால் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், பவுண்டரிக்காரனிடம் நாளைக்குத் தயார் என்று வாரம் ஒரு தடவை சொல்கிறேன், எதுவும் இப்படி ஒட்டிக்கொண்டு கூடவே வந்ததில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு உளியை மாட்டிவிட்டுத் தன் மேஜைக்குப் போனார், நடக்கிறபோது மேஜை விளிம்பைத் தொட்டுக்கொண்டே போனார், அதற்கு முன்னால் அவர் அப்படி நடந்ததில்லை. கண் நன்றாகத் தெரிகிற ஒரு மனுஷனைத் தடவித் தடவி நடக்க வைத்த வார்த்தை அது.

இந்தப் பெண் எதையோ டைப் அடித்துக்கொண்டே இருக்கிறாளே, அவ்வளவு என்ன இருக்கிறது. கண்ணை மூடினால் அந்தக் கதவு ஞாபகம் வருகிறது, வேண்டாம் என்றாலும் வருகிறது. நாங்கள் வீடு கட்டின புதிதில் வாசல் கதவை நானே செய்தேன், ஊருக்கெல்லாம் மில்லிமீட்டர் பார்த்துக் கொடுக்கிறவன் என்ற திமிர். இரும்பு உருகி ஆறும்போது சுருங்கும், அதனால் பேட்டர்ன்காரர்களின் ஸ்கேலில் அந்தச் சுருக்கத்தையும் சேர்த்தே கோடு போட்டிருப்பார்கள், ஒரு மீட்டர் என்றால் ஒரு மீட்டரும் ஒரு சென்டியும் இருக்கும், பார்த்தால் சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும். நிலையைச் சாதாரண டேப்பில் அளந்தவன் கதவை அந்த ஸ்கேலில் வெட்டிவிட்டேன். சனிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும், வெள்ளிக்கிழமை கதவைத் தூக்கி நிறுத்தினால் இரண்டு சென்டி உசரம், மேகலாவின் அண்ணன் தம்பிகள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவன் சிரிப்பை அடக்குகிறான். சவரிமுத்து அண்ணன் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "தப்பு என்னுதுங்க, நாந்தான் ஸ்கேல மாத்திக் குடுத்துட்டேன்" என்றார். நான் கதவை வெட்டின அன்றைக்கு அவர் பட்டறைக்கே வரவில்லை, பங்குத் திருவிழாவுக்குக் கருமத்தம்பட்டி போயிருந்தார். கதவை இழைத்து மாட்டினோம். அதைப் பற்றி அவர் அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை, அவர் அப்படித்தான், பழி என்று ஒன்று வந்தால் யாருடையது என்று பார்க்காமல் கையை நீட்டிவிடுவார். கையை நீட்டுகிறவருக்குத்தானே கொடுத்தேன் என்று நான் சப்பைக்கட்டு கட்டிக்கொள்ளலாம். கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், இரண்டு மாசமாக. அலுத்துவிட்டது. இந்த நடுக்கத்தைவிட அதை மறைக்கிற வேலை பெரிய வேலை, காலையில் எழுந்தால் எந்தக் கையால் எதை எடுப்பது, யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், எப்போது பாக்கெட், எப்போது இடுப்பு, ஒரு நாள் முடிவதற்குள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

போன வாரம் ஒரு பவுண்டரியிலிருந்து சரக்கு திரும்பி வந்தது. மூலை வளைவில் மரம் பிய்ந்திருக்கிறது, பதம் போன உளி சீவாமல் பிய்க்கும். சூப்பர்வைசர் மரியாதையான ஆள், ஒன்றும் சொல்லவில்லை, பிய்ந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு மட்டும் அனுப்பியிருந்தார். அண்ணன் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார், வந்து உட்கார்ந்தார். "புதங்கெழம கண்ணாஸ்பத்திரில ஒருக்காக் காட்டிட்டு வந்தர்றேன். போன தடவ நல்லாருக்குதுன்னுதான் சொன்னாங்க, எனக்குத்தான் நம்பிக்க இல்ல. அன்னைக்கு நாலு கேள்வி கேட்டுப்போட்டு, கண்ணு சரியில்லீன்னா ஒதுங்கிக்கறேன் வெள்ளிங்கிரி. மரத்தப் பாழாக்கிட்டு உக்கோந்திருக்கறது நல்லால்ல. நீ நடத்து. அந்த மெதுவாச் சுத்தற சாணையொண்ணு வாங்கிப் போட்ரு, நான் இருந்தா எனக்காச்சு, இல்லாட்டி உனக்காச்சு." இவ்வளவும் அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். நான் என்ன கேட்டேன் தெரியுமா, "எத்தன இஞ்சுங்ணா வாங்கறது?" என்று கேட்டேன். இன்றைக்குப் புதன்கிழமை. பதினொன்று பதினெட்டு. வெள்ளைக் கல்லை வாங்கிக்கொண்டு போய் மாட்டினால் அவர் அதன் முன்னால் நின்று, கண் தெரியாதவனுக்கென்று வாங்கின மெஷினில் கண் தெரியாதவனாகவே உளி பிடிப்பார், இல்லையென்றால் பிடிக்காமல் வீட்டிலிருப்பார், நான் தனியாக அந்த வெள்ளைக் கல்லிலும் அழுத்துவேன், அது கொஞ்சம் தாமதமாக நீலம் பாயும், அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீர்த் தொட்டி மெஷினை வாங்கிக்கொண்டு போனால் "இந்தக் கவ்வி எதுக்கப்பா?" என்று கேட்பார்.

"ஓட்டிப் பாத்துருங்க சார், பாக்காம எப்பிடி முடிவு பண்ணுவீங்க" என்று மேனகா எழுந்து வந்துவிட்டாள். பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னாள், வெள்ளைக் கல்லை ஓட்டினாள், நல்ல மெஷின், சத்தமே இல்லை, ஒரு ஊமைத்தனமான ஊதல் மட்டும். ஒரு பழைய உளியையும் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் ஒரு மணி நேரமாக ஸ்டூலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறவன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, பாக்கெட்டிலிருந்து கை வெளியே வந்தது, வாங்கினேன். இந்தத் தடவை அழுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது, களைப்பு என்றுதான் சொல்ல வேண்டும், அழுத்துவதற்குத் தெம்பு இல்லை, அல்லது அது யாரோ ஒருவருடைய உளி, அதன் பதத்தையும் எடுக்க மனசு வரவில்லை. உளி தாங்கியில் டக் டக் டக் என்று அடித்தது. கடை முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது. மேனகா உடனே மெஷினை நிறுத்தினாள். "சாரி சார், தாங்கி லூசா இருக்குதாட்டம், அதான் ஆடுது" என்று பாக்கெட்டிலிருந்து ஸ்பேனர் எடுத்துத் திருகினாள். தாங்கி லூசாக இல்லை. திருகு அசையவே இல்லை, நான் பார்த்தேன். இன்னும் அழுத்தித் திருகினாள், நெற்றியில் வியர்வை, அவள் கடைப் பொருள்மேல் அவளே பழி போட்டுக்கொண்டு நிற்கிறாள், நான் "இருக்கும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடி ஒரு இருக்கும், எனக்கு அது பழகிவிட்ட வார்த்தை, நாக்கு அதற்குத் தயாராகவும் இருந்தது.

"தாங்கி சரியாத்தான் இருக்குதும்மா," என்றேன். "என்ற கைதான் நடுங்குது."

அவள் கையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், "எங்க மாமனாருக்கும் இருக்குதுங்க" என்று சொல்லி உளியை வாங்கி மேஜைமேல் வைத்தாள், அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை, டிரில்லிங் மெஷின் சத்தம் தொடர்ந்து வந்தது. இதற்காகவா இரண்டு மாசம். ஆனால் இவள் யாரோ, யாரோ ஒருத்தியிடம் சொல்வது வேறு, அண்ணனிடம் சொல்வது வேறு. பதினொன்று இருபத்தாறு. போனை எடுத்து இடது கையால் அமுக்கினேன், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு மனசு, எடுத்துவிட வேண்டும் சாமி என்று ஒரு மனசு, எடுத்தார், பின்னால் யாரோ நம்பர் கூப்பிடுகிற சத்தம்.

"சொல்லப்பா, மிஷின் கெடச்சுதா?"

"அண்ணா, உங்க கண்ணுல ஒண்ணும் இல்லீங்ணா. டாக்டர்கிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். அந்த உளியெல்லாம் நான் புடிச்சது. என்ற கை நடுங்குதுங்ணா, அத நிறுத்தறதுக்கு அழுத்தி அழுத்தி நாந்தான் எரிச்சேன்."

அந்தப் பக்கம் நம்பர் மட்டும் கேட்டது. முப்பத்தொன்பது. நாற்பது.

"எத்தன நாளா?"

"சித்திரைல இருந்துங்ணா."

"அன்னைக்கு நான் கேட்டப்பவுமா?"

"ஆமாங்ணா."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், அவருக்கு வாயில் நல்ல கெட்ட வார்த்தைகள் உண்டு. "டாக்டர் ரெண்டு தடவ சொன்னாரு, பெரியவரே கண்ணு அம்சமா இருக்குதுன்னு," என்றார், நிதானமாக, எண்ணிப் பார்க்கிறவர் மாதிரி. "பிலோமினா சொன்னா. என்ற மக சொன்னா. நான் ஒருத்தரையும் நம்பல. நீ சொன்னத நம்புனேன்." போன் நின்றுவிட்டது.

மேனகா மூன்று மெஷினுக்கும் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் மறுபடி பேச மாட்டார் என்றால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தேன், பட்டறையில் இரண்டு மேஜை, ஒரு டீக்கேன், எதைப் பார்த்தாலும் அவருடையது பாதி, அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. அழுகை வந்தது, கடை என்பதால் மூக்கைச் சிந்திக்கொண்டேன். கை பாட்டுக்கு முட்டிமேல் ஆடிக்கொண்டிருந்தது, ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். பதினொன்று ஐம்பதுக்கு அவரே கூப்பிட்டார்.

"எந்தக் கை?" என்றார்.

"வலதுங்ணா."

"டாக்டர்கிட்டக் காட்டுனயா?"

"இல்லீங்ணா. பயமாருக்குது."

"பயமாத்தான் இருக்கும்," என்றார். குரலில் கோபம் இன்னும் அப்படியே இருந்தது. "உன்னால இங்க வந்து கண்ணுல மருந்த ஊத்திட்டு உக்கோந்திருக்கறேன். கண்ணு பாப்பா பெருசாகறதுக்கு ஊத்துவாங்க, இன்னும் மூணு மணி நேரத்துக்கு எழுத்தும் தெரியாது, பஸ் நம்பரும் தெரியாது. நீ வந்து கூட்டீட்டுப் போ. அப்பிடியே இதே பில்டிங்ல மேல நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்கறாரு, கேட்டுட்டேன், மூணு மணிக்கு உனக்குப் பேர் குடுத்தாச்சு."

"வர்றனுங்ணா. மிஷின் எதுன்னு—"

"மிஷின ரெண்டு பேரும் போய் வாங்கிக்கலாம். எதுல வர்றே?"

"வண்டிலதான் வந்தனுங்ணா."

"இந்தக் கைய வெச்சுக்கிட்டா?" என்றார். "வண்டிய அங்கயே வுட்டுப்போட்டு ஆட்டோல வா."

வண்டியைக் கடை வாசலிலேயே ஓரமாக நிறுத்திக்கொள்ளச் சொல்லி மேனகாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு வந்தேன். வெயில் சுள்ளென்று இருந்தது. வருகிற ஆட்டோவுக்கெல்லாம் கையை நீட்டினேன், முதல் இரண்டும் நிற்கவில்லை, மூன்றாவது நின்றது.